அப்பா சொல்லிப் போன சங்கீதம்

தங்கச்சி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். கடற்தொழில் செய்த அப்பா தினமும் 91ஆம் சங்கீதத்தைச் சொல்லிவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார். 2004 டிசம்பர் 26 அதிகாலையிலும் சொல்லிவிட்டுத்தான் போனார். கரைக்குத் திரும்பி வலை உதறிக்கொண்டிருந்த நேரத்தில் அலை வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. உங்களுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது கல்யாணம் கட்டி வந்த வீட்டாரின் சபையில் ஒவ்வொரு டிசம்பரும் நன்றிக் கூட்டம் நடக்கிறது. அதில் உங்கள் மாமி எழுந்து, "91ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் நாங்கள் தப்பினோம்" என்று சாட்சி சொல்கிறார். நீங்களும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வாடைக்காற்றின் சத்தத்தில் தூங்காமல் கிடக்கிறீர்கள். "தேவனுடைய மறைவில் பத்திரமாக இருக்கிறேன் என்று உணர நான் என்ன செய்ய வேண்டும், என் விசுவாசம் குறைவா?" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்குக் கேட்பது இன்னொன்று. அப்பாவுக்கு அந்தச் சங்கீதம் பொய்யாகிப் போயிற்றா? அப்படியென்றால், அதைக் கைதட்டிப் பாடுகிற கூட்டத்தில் நான் யார்?

நான் குருவானவர் அல்ல. இளவயதில் இரண்டு வருஷம் இறையியல் படித்தேன், எபிரெயுவும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றேன். முப்பது வருஷத்துக்கு மேலாகத் திருகோணமலையில் வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி சந்திப்பு, செத்தவீடு என்று போய்வருகிறேன். அந்த அளவில் வைத்து இதை வாசியுங்கள். வேதத்தில் தெளிவாக எழுதியிருப்பது எது, நான் நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டிருப்பது எது, எனக்கு இன்றுவரை விளங்காதது எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சங்கீதம். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்." இதில் "தங்குவான்" என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கும் எபிரெய வினை, இராத்தங்குவதைச் சொல்லும் வினை. பொழுதுபட்ட பிறகு வழிப்போக்கன் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் துண்டை விரித்துப் படுப்பானே, அந்தத் தங்கல். ஆகவே இந்தப் பாட்டு தொடங்கும்போதே இருட்டிவிட்டது. இருட்டில் எங்கே தலைசாய்ப்பது என்பதற்குத்தான் அது பதில் தேடுகிறது. நிழலையும் யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் நிலாவெளி வீதியில் நடந்தவருக்கு ஒரு வேப்பமர நிழல் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். நிழலுக்குள் வந்ததால் வெயில் இல்லாமல் போவதில்லை. ஆனால் ஒருவருடைய நிழல் உங்கள்மேல் விழுகிறதென்றால் அவர் உங்களுக்குக் கிட்ட நிற்கிறார். தூரத்தில் இருப்பவரின் நிழல் யார்மேலும் விழாது. ஜெபக்கூட்டங்களில் இதை அடிக்கடி சொல்லியிருக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சங்கீதத்தில் பேசுகிற குரல் மாறிக்கொண்டே போகிறது. முதல் இரண்டு வசனத்தில் ஒரு விசுவாசி தன் நம்பிக்கையைச் சொல்கிறார். மூன்றிலிருந்து பதின்மூன்றுவரை யாரோ ஒருவர் "உன்னை", "உனக்கு" என்று இன்னொருவருக்குத் தைரியம் சொல்கிறார். அவர் ஆலயத்து ஆசாரியரா, கூடவந்த பயணியா என்பதில் படித்தவர்களுக்குள்ளே ஒரே கருத்து இல்லை. "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்பது இந்தப் பகுதியில்தான் வருகிறது. கடைசி மூன்று வசனத்தில்தான் தேவன் தாமே வாய் திறக்கிறார். அவர் என்ன சொல்கிறார்? "ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து, அவனைக் கனப்படுத்துவேன்." முதலில் வருவது கூட இருத்தல். அந்த இருத்தலும் ஆபத்துக்கு வெளியே அல்ல, உள்ளே. நம் சபைகளில் ஏழாம் வசனத்தை உரக்கச் சொல்வோம், பதினைந்தை அவசரமாக வாசித்து முடித்துவிடுவோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இந்தச் சங்கீதத்தை ஒரு காப்பாகக் கட்டிக்கொள்ளும் பழக்கமும் மிகப் பழையது. சாக்கடலோரம் கும்ரான் குகையில் கிடைத்த ஒரு சுருளில் பேயோட்டும் பாடல்களோடு சேர்த்து இதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். தாயத்து மாதிரி எழுதிக் கட்டிக்கொண்ட கிறிஸ்தவர்களும் ஆதிகாலத்தில் உண்டு. நம் ஊர் ஆட்டோக்களிலும் வள்ளங்களிலும் அந்த வசனம் எழுதியிருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் அப்பா மனப்பாடமாகச் சொன்னதையும் அப்படி நினைக்கவில்லை, அது அவருடைய ஜெபம். ஆனால் "இதைச் சொன்னால் ஒன்றும் நடக்காது" என்று இதே சங்கீதத்தை எடுத்து நீட்டியவன் ஒருவன் சுவிசேஷத்தில் இருக்கிறான். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள்" என்று பிசாசு சொன்னது 91ஆம் சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத்தான். இயேசு குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்ற வேறொரு வசனத்தைச் சொன்னார். பிதாவின் நிழலில் அவரைப்போல வாழ்ந்தவர் எவரும் இல்லை. அந்த அவரே பிறகு சிலுவையில் தொங்கினார், தூதர்கள் வந்து ஆணியைக் கழற்றவில்லை. அங்கே அவர் சொன்ன வார்த்தைகளில் இரண்டு சங்கீதங்களிலிருந்து வந்தவை: 22இலிருந்து "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும், 31இலிருந்து "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பதும். ஒரே நாளில், ஒரே வாயில். ஆகவே, அடைக்கலம் என்பது சாகாமல் இருப்பது என்றால் முதலில் அடைக்கலம் இல்லாமல் போனவர் இயேசு. அப்படிச் சொல்ல எந்தக் கிறிஸ்தவருக்கும் மனம் வராது. இயேசுவைப் பற்றி நாம் சொல்லத் துணியாத ஒன்றை உங்கள் அப்பாவைப் பற்றி மட்டும் ஏன் சொல்லவேண்டும்?

அப்பாவின் விசுவாசத்தில் ஏதாவது குறை இருந்ததா என்பதற்கும் நேரடியான பதில் உண்டு. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்துப்போன செய்தியை இயேசு எடுக்கிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதில் சொல்கிறார். 26ஆம் தேதி நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேல் போனார்கள். நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி தினம். ஜெபித்தவர்களும் போனார்கள், கோயிலுக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்தவர்களும் போனார்கள், தொட்டிலில் கிடந்த குழந்தைகளும் போனார்கள். அவர்களில் யாருடைய விசுவாசத்தையும் அளந்து பார்க்கும் உரிமையை ஆண்டவர் நமக்குத் தரவில்லை. இது எனக்கு நிச்சயம்.

சரி, அப்படியென்றால் ஏன் ஒருவர் தப்பினார், இன்னொருவர் போனார்? இது எனக்கு விளங்காத பக்கம். விளக்கம் வைத்திருப்பவர்களைக் கேட்டிருக்கிறேன், செத்தவீட்டில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய விளக்கம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். அழுகையில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு நன்றிகூட இல்லை. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்தவர்கள் நம்மைவிடப் பக்தி குறைந்தவர்கள் அல்லவே. பதில் கிடைக்காமல் தேவனிடம் அழுகிறவருக்கும் வேதத்துக்குள் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. சுனாமிக்குப் பிறகு சனத்தை வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனோம். ஒரு வகுப்பறையில் பாயில் இருந்த அம்மா ஒருவரிடம், பக்கத்தில் விளையாடிய பிள்ளையைக் காட்டி, "பாருங்கோ, கர்த்தர் பிள்ளையைக் காப்பாற்றித் தந்திருக்கிறார்" என்றேன். நல்லதைச் சொல்கிறேன் என்று மனதார நம்பித்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், "மற்ற ரெண்டையும்?" என்று கேட்டார். நான் பார்சலை வைத்துவிட்டு வெளியே வந்து மாமரத்தடியில் நின்றேன். அவருடைய முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. தப்பிய பிள்ளைக்கு நன்றி சொல்வது சரிதான். ஆனால் அதை அவர் சொல்லவேண்டும், அவருடைய நேரத்தில். நான் எடுத்துச் சொல்ல அது என்னுடையது அல்ல. உங்கள் மாமியும் கெட்ட மனதோடு சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் கண்டது மரணத்தை, தப்பி வந்த நன்றி அவருக்குப் பொங்குகிறது. அதே வாங்கில் அடுத்த இடத்தில் ஒரு தகப்பனில்லாப் பிள்ளை இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாமல் போகிறது.

இதிலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எங்கே எனக்குச் சொந்தம் என்பதற்கு. தமிழில் "அடைக்கலம்" என்ற சொல் ஓர் இடத்தை மட்டும் சொல்வதில்லை. நம்பி ஒப்படைத்த ஆளையும் பொருளையும்கூட நம் முன்னோர் அடைக்கலம் என்றார்கள். "பிள்ளையை உங்களிடம் அடைக்கலமாக விட்டுப் போகிறேன்" என்றால், போன இடம் மட்டுமல்ல, அந்தப் பிள்ளையே அடைக்கலம். அந்த முறையில் நீங்கள் தேவனிடம் போய் ஒதுங்கியவர் மட்டுமல்ல, அவரிடம் ஒப்படைக்கப்பட்டவர். அப்பா தினமும் அந்தச் சங்கீதத்தைச் சொன்னபோது தன் உயிரை மட்டுமா ஒப்படைத்திருப்பார்? கடலுக்குப் போகிற எந்தத் தகப்பனும் வீட்டில் தூங்குகிற பிள்ளையை நினைக்காமல் ஜெபிப்பதில்லை. இது என் ஊகம்தான், ஆனால் தொழிலுக்குப் போகிற பல பேரோடு ஜெபித்த பிறகு வந்த ஊகம்.

84ஆம் சங்கீதத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு அழகான ஒரு காரியம் செய்திருக்கிறது. "உம்முடைய பீடங்களண்டையில் அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே." வீட்டுக் கூரையில் கூடு கட்டுகிற அந்தச் சின்னக் குருவிக்குத் தமிழன் வைத்த பெயரிலேயே அடைக்கலம் இருக்கிறது. அது அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை, வாடகையும் கொடுப்பதில்லை. சாட்சி சொல்லத் தெரியாது, உபவாசமும் இருக்காது. ஆனாலும் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு வீடு. உங்களுக்கு அந்தக் கூட்டத்தில் சொந்தம் இருக்கிறதா என்பதை ஆமென் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது தீர்மானிப்பதில்லை. "இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்... தேவனுடைய வீட்டாருமாயிருந்து" என்று பவுல் எபேசு சபைக்கு எழுதியது, முந்தாநாள்வரை வெளியாட்களாக இருந்தவர்களுக்கு.

ஆனால் இதை ஆகாயத்தில் விட்டுவிடக் கூடாது. ரூத்தின் கதையில் போவாஸ் அவளுக்கு ஆசீர்வாதம் சொல்கிறார்: கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்த உனக்கு நிறைவான பலன் கிடைக்கட்டும் என்று. நல்ல வார்த்தை, சபையில் நாம் சொல்கிற வார்த்தை மாதிரியே. அடுத்த அதிகாரத்தில் ரூத் இரவில் அவரிடம் போய், உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்கிறாள். செட்டைக்கும் அந்தப் போர்வைக்கும் எபிரெயுவில் ஒரே சொல்தான், கானாப். கர்த்தருடைய சிறகு என்று சொன்னீரே, இப்போது நீரே அந்தச் சிறகை விரியும் என்று அவள் அவருடைய ஜெபத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறாள். போவாஸ் விரித்தார். கர்த்தர் உன்னைக் காப்பார் என்று சொல்கிற சபை, சொன்ன அன்றைக்கே தன் போர்வையின் ஓரத்தையும் விரிக்கவேண்டும். விரிக்காவிட்டால் பிழை சபையுடையது, கர்த்தருடையது அல்ல, உங்களுடையதும் அல்ல.

திருகோணமலைப் பிரசங்கிகள் எல்லாரும் அடைக்கலத்துக்குத் துறைமுகத்தைத்தான் உதாரணம் காட்டுவோம். "தாங்கள் நாடிய துறைமுகத்தில் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்" என்று 107ஆம் சங்கீதமே சொல்கிறது, சுற்றிவர மலை நிற்கும் நம் உள்துறைமுகத்தைப் பார்த்தால் வேறு உதாரணம் தேடத் தோன்றாது. ஆனால் எனக்கு வயது போகப் போக எதிர்க்கரையிலுள்ள கொட்டியார்க் குடாதான் அதிகம் ஞாபகம் வருகிறது. புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, திருத்தவேண்டும் என்று அங்கே வந்து ஒதுங்கியது. 1660இல் அதன் தலைவரையும் மகன் ராபர்ட் நொக்ஸையும் இன்னும் பலரையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டுபோனார்கள். ஒதுங்க வந்த இடமே சிறையாயிற்று. அடுத்த வருஷமே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். மகனுக்கு இருபது வயதுதான் இருக்கும், அவனுக்கும் காய்ச்சல். பிறகு ஒருநாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் தன்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது என்று கொண்டுவந்து காட்டினார். பார்த்தால் ஆங்கில வேதாகமம். பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கினான். தேவன் தன்னை மறக்கவில்லை என்பதற்கு அடையாளமாக அதை எடுத்துக்கொண்டான். ஆனால் வேதம் கைக்கு வந்த பிறகும் கதவு திறக்கவில்லை. 1679இல்தான் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிவந்தான். தகப்பனுடைய குழி கண்டி அரசனின் நாட்டிலேயே இருந்துவிட்டது. பாதுகாப்பான இடம் இல்லாமலே தேவனுடைய சமுகத்தில் ஒரு மனிதன் வருஷக்கணக்கில் வாழலாம் என்பதற்கு நம் கரையிலேயே இப்படி ஒரு கதை இருக்கிறது.

இனி இரவுகளைப் பற்றி. விசுவாசம் குறைந்ததால்தான் தூக்கம் வரவில்லை என்று நினைக்கவேண்டாம். "இரவில் உண்டாகும் பயங்கரம்" என்று 91ஆம் சங்கீதமே பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிற ஒன்று அது. ஒன்பது வயதில் உடம்பு கண்டதை உடம்பு மறக்காது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி புரெவி புயல் நம் கரைக்கு வந்த இரவில், கடல் ஏறுமோ என்று விடியும்வரை வாசலில் இருந்த பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும், சபை மூப்பர்கள் உட்பட. பயம் மாதக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிறதென்றால், அல்லது அந்தக் காலை திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறதென்றால், ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைப் பாருங்கள். இது என் படிப்புக்கு வெளியே உள்ளது, ஜெபத்தை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் நான் பிழை செய்தவனாவேன். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான், திரும்பவும் தூங்கவிட்டான்.

ஜெபத்தைப் பொறுத்தவரை என் பழக்கத்தைச் சொல்கிறேன், எடுக்கமுடிந்தால் எடுங்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் துறவிமடங்களில் படுக்கைக்குப் போகுமுன் 4, 91, 134 ஆகிய மூன்று சங்கீதங்களைச் சொல்லி வருகிறார்கள். அவ்வளவும் வேண்டாம். 91இன் கடைசி மூன்று வசனத்தை மட்டும் மெதுவாக, தேவன் உங்களிடம் பேசுவதாக வாசியுங்கள். நடுப்பகுதி தொண்டையில் சிக்கினால் விட்டுவிடுங்கள், அப்புறம் ஒரு காலம் வரலாம். பத்திரமாக இருக்கிறேன் என்ற உணர்வு வருகிறதா என்று நெஞ்சைத் தட்டிப் பார்க்கவேண்டாம். எனக்கே அது சில இரவு வரும், பல இரவு வராது. நிழல் நம் உணர்ச்சியில் தங்கி நிற்பதில்லை, நிற்கிறவரில் தங்கி நிற்கிறது என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன்.

நன்றிக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சாட்சிகள் தொடங்குவதற்கு முன்பு, அன்றைக்குப் போனவர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிஷம் எழுந்து நிற்கலாமா என்று போதகரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டேன் என்றால், அந்த வருஷம் கூட்டத்துக்குப் போகாமல், நம்பிக்கையான ஒருவரோடு கடற்கரையில் இருந்து அப்பாவின் சங்கீதத்தை வாசியுங்கள். அதனால் நீங்கள் தேவனுடைய வீட்டைவிட்டு வெளியே போனவர் ஆகமாட்டீர்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மாமியிடம் கதையுங்கள். குறை சொல்ல அல்ல. அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் எப்படி அந்தச் சங்கீதத்தைச் சொல்வார் என்று சொல்லித் தொடங்குங்கள். இவ்வளவு எழுதிய நீங்கள் ஒன்றை எழுதவில்லை, மாமிக்கு உங்கள் அப்பாவின் பெயர் தெரியுமா என்று.